கவுண்டர் போட்டாச்சு

2008இல் சிதம்பரத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் "கவுண்டர் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானும் இன்னொருத்தியும் சேர்ந்து தையல் கடை வைத்திருந்தோம். கூடப்பிறந்தவள் இல்லை, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி "போடி" என்றாள். நானும் வந்துவிட்டேன். துணி ஓரம் அடிக்கிற என் ஓவர்லாக் மெஷின் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அது இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. கேட்கப் போனால், நான் கடைக்குள் நுழையவே கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் என் மேலேயே கேஸ் போட்டுவிட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

அவள் தடை கேட்ட மனுவுக்கு என் வக்கீலம்மா பதில் தாக்கல் செய்தார். கோர்ட்டில் அதைக் கவுண்டர் என்கிறார்கள். கடலூரிலிருந்து துணைக்கு வந்த மாமாவுக்கு ஒரே குஷி.

"கவுண்டர் போட்டாச்சுல்ல, இனிமே மெஷின் தன்னால வந்துரும் பாரு."

நானும் நம்பினேன். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"கவுண்டர்னா வெறும் பதில்தாம்மா. மெஷின் வேணும்னா கவுண்டர் கிளெய்ம் போடணும். மெயின் கேஸுக்கு நாம குடுக்குற எதிருரையிலயே அதையும் கேட்டு எழுதி, கோர்ட் ஃபீஸ் தனியா கட்டணும். அதுவும் ஒரு கேஸ் மாதிரிதான்."

"நான் அக்கா மேல கேஸ் போடறதா?"

"அவுங்க போடலியா?"

போட்டோம்.

அடுத்த வாய்தாவில் அக்கா தன் கேஸை வாபஸ் வாங்கிவிட்டாள். "அவ்ளோதான், கெளம்பு" என்று மாமா துண்டை உதறினார். நானும் எழுந்துவிட்டேன். அப்போ மெஷின்? வக்கீலம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவுங்க கேஸ்தான் முடிஞ்சுது. உன்னோடது அப்படியே நிக்குது."

வெளியே வராந்தாவில் அக்கா என்னை மறித்தாள். "நான்தான் வாபஸ் வாங்கிட்டேனே, இன்னும் எதுக்குடி என்னை வரச் சொல்றாங்க?"

"இது என் கேஸு, அக்கா."

"என் மேலயா போட்ட?" என்றாள். நீ மட்டும் போடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை முழுங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

மறுவாரம் அவளே ஆட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேருமாக இறக்கி வைத்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காப்பி குடிச்சிட்டுப் போக்கா."

"இப்ப நீ வாதி, நான் பிரதிவாதியாம்ல. வாதி வீட்டுல காப்பி குடிக்கலாமான்னு உன் வக்கீலைக் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவே இல்லை.