இருமலுக்கும் நல்லது

சின்னத்தாய்க்கு அந்தச் செடியைக் கண்டாலே குமட்டும்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைக்கிறவள் அவள். ஆபீஸ் வாசலில் பன்னிரண்டு தொட்டிகளில் அந்தச் சனியன் நிற்கிறது. கத்தி கத்தியாக நிமிர்ந்த இலை, ஓரத்தில் மஞ்சள் கரை. மேனேஜர் இளங்குமரன் அதை ஸ்நேக் பிளான்ட் என்பார். உள்ளூர்க்காரர்களுக்குப் பாம்புக் கத்தாழை. சின்னத்தாய்க்கு மருள். அவளுடைய ஊர் விளாத்திகுளம் பக்கம். அவள் அப்பா காட்டில் மருள் அறுத்து வந்து, குட்டைத் தண்ணீரில் அழுகப்போட்டு, அடித்து நார் எடுத்துக் கயிறு திரித்தவர். அழுகின மருள் நாற்றம் இருக்கிறதே, சொல்லி மாளாது. சோற்றைப் பிசைந்தால் கையிலிருந்து அதுதான் வரும். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது. கல்யாணமாகித் திருப்பூருக்கு பஸ் ஏறின அன்று, இனி இந்த மருள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்பதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதி.

இப்போது தினமும் காலையில் ஈரத்துணியால் அதன் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்குகிறாள். விதி என்றால் இதுதான்.

தொட்டிகள் வந்த கதை அதைவிடக் கேவலம். அவள் மகள் நதியா அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் அடிக்கிறாள். குளிர்கால ஆர்டருக்கு, உள்பக்கம் பஞ்சு வைத்த பிளீஸ் துணி. வெட்டுகிற ஓரமெல்லாம் பஞ்சாகப் பறந்து மூக்கிலும் தொண்டையிலும் அடையும். இரண்டு வருடமாக இருமல். சிவப்புத் துணி ஓடினால் சளி சிவப்பு, கறுப்புத் துணி ஓடினால் கறுப்பு. வாஷ்பேசினில் அதைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுவது பெற்ற தாயின் வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று ஆறு பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஃபேனுக்குப் பதிலாக இந்தத் தொட்டிகள் வந்து இறங்கின.

"காத்தச் சுத்தம் பண்ற செடிங்க இது. நெட்ல போட்டுப் பாருங்க," என்றார் இளங்குமரன்.

தூசு பறப்பது தையல் ஹாலில். செடி நிற்பதோ ஏசி ஓடுகிற ஆபீஸ் வாசலில். கேட்டால் ஹால் சூட்டுக்கு வாடிவிடுமாம்.

போன ஐப்பசியில் பனியன் வாங்குகிற பையர் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, வேலை நிலைமையைப் பார்க்கிற ஆடிட்டுக்கு வருவதாகப் பேச்சு வந்தது. முந்தின நாள் நதியா அம்மாவிடம் சொன்னாள்.

"எங்கள லைன விட்டு எந்திரிக்க விடமாட்டாவ. கிளீனிங் ஆளுங்ககிட்ட அந்தம்மா பேசுமாம். நீ ஃபேன மட்டும் சொல்லிருமா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லாம? எனக்கென்ன பயம்? போட்டு ஒடைச்சிர மாட்டேன்?" என்றாள் சின்னத்தாய்.

அந்த அம்மா வந்தாள். கூடவே மொழிபெயர்க்க வினிதா என்று ஒரு பெண். பின்னால் இளங்குமரன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கட்டாத டையைக் கட்டிக்கொண்டு. வெள்ளைக்கார அம்மா தொட்டிகளைப் பார்த்து நின்றாள். துணியும் கையுமாக நின்ற சின்னத்தாயைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள்.

"ஏனுங்கக்கா, இந்தச் செடி உங்கூர்ல இருக்குதுங்களா? என்னத்துக்குப் பயன்படுத்துவீங்கன்னு கேக்கறாங்க," என்றாள் வினிதா.

பதினோரு வருடத்தில், துடைத்தாயா என்பதைத் தவிர அந்தக் கம்பெனியில் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. சின்னத்தாய் ஆரம்பித்தாள். கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, கட்டிலுக்குப் பின்னுகிற கயிறு. காது குத்தலெடுத்தால் இலையை அனலில் வாட்டி ரெண்டு சொட்டுப் பிழிந்து விடுவது. அந்த அம்மாவின் கண் விரிந்துகொண்டே போனது. அப்பா திரித்த கயிற்றில் ஆனையைக் கட்டலாம் என்றாள் சின்னத்தாய். நாற்றத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. பேச்சு ருசி கண்டுவிட்டது.

"வேரத் தட்டிக் கசாயம் வச்சுக் குடிச்சா இருமலுக்கும் நல்லதும்மா!"

வினிதா அதைச் சொன்னதும் இளங்குமரன் முன்னால் பாய்ந்து, தையல் ஹால் பக்கம் கையைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ பொழிந்தார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினாள். பிறகு செடிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி போட்டோ எடுத்தாள். இரண்டு கையாலும் சின்னத்தாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நடந்தாள்.

அப்போதாவது கூப்பிட்டு ஃபேனைச் சொல்லியிருக்கலாம். நாலே எட்டில் இருந்தாள். சின்னத்தாய் சிரித்தபடி நின்றாள்.

மூன்று வாரத்தில் இன்னும் நாற்பது தொட்டிகள் வந்தன. இந்தத் தடவை தையல் ஹாலுக்குள்ளேயே. நோட்டீஸ் போர்டில் சின்னத்தாயின் பெரிய போட்டோ. அதன் கீழே, எங்கள் தொழிலாளர்களின் பாரம்பரிய அறிவு என்று அச்சடித்திருந்தார்கள்.

"சார், அந்த ஃபேன்..." என்று இழுத்தாள் இளங்குமரனிடம்.

"அதான் நீங்களே இருமலுக்கு நல்லதுன்னு சொல்லீட்டீங்களே, அக்கா! ரிப்போர்ட்ல அந்தப் பாயின்ட் க்ளோஸ் ஆயிருச்சுங்க. எல்லாம் உங்களாலதானுங்க."

சின்னத்தாய்க்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஊரில் அதைக் குடித்தவர்கள் உண்டு.

டீ நேரத்தில் நதியா போர்டுக்கு முன்னால் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். வாயைப் பொத்தி இருமி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"போட்டோல சிரிச்ச மொகமா இருக்கம்மா," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.