வேலிக்கம்பத்தில் ஒரு குதிரை லாடம்

காசியானாவைப் பற்றி நான் முதன்முதலில் கேட்டது ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. என் தங்கை செனோனா மேட்டிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தாள்.

"அக்கா, நம்ம தம்பி ருஃபீனோ ஒருத்தியக் கூட்டிட்டு வரானாம். ஏரிப்பக்கத்துக்காரி. பேரு காசியானாவாம்."

கேட்ட உடனே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. எங்கள் அப்பா வைத்திருந்த பசு ஒன்றுக்கும் அதே பெயர். கறக்கப் போனால் உதைக்கும். என் முழங்காலில் அதன் குளம்பு பட்ட வடு இன்னும் இருக்கிறது.

"அந்தப் பேரு இந்த வீட்டுக்கு ஆகாதுடி," என்றேன்.

"பசுவ உதைச்சாத்தான் அப்பா அடிப்பாரு. இவள உதைச்சா யாரு கேக்கப்போறா?" என்றாள் செனோனா.

காசியானா ஏரிப்பக்கத்து ஓவெலார் குடும்பத்துக்காரி. அவள் தாத்தாவுக்கும் என் அம்மாவின் சித்தப்பாவுக்கும் ஒரு எருதை வைத்து வந்த சண்டை, இரண்டு பேரும் செத்த பிறகும் ஓயவில்லை. அவள் அம்மா இரண்டாந்தாரம். மூத்தவளின் பிள்ளைகள் இவளைச் சோளக்காட்டில் குருவி விரட்ட விட்டு வளர்த்தார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால் இரக்கம் எதுவும் வந்துவிடவில்லை.

வந்தபோது அவள் கையில் பெட்டி இல்லை. மூன்று கோழிகளைக் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். மொட்டைக் கழுத்துக் கோழிகள். கழுத்தில் ஒரு இறகு கிடையாது, சிவப்புத் தோல்தான்.

"கோழிக்குச் சீக்கா?" என்று கேட்டேன்.

"இதுக வெயிலுக்குப் பொறந்ததுக மதினி. உங்க கோழிதான் போர்வை போத்திக்கிட்டு மூச்சு வாங்குது," என்றாள். வந்து கால்மணி நேரம் ஆகவில்லை, இந்தப் பேச்சு.

என் வேலிக்கு அந்தப் பக்கம், அம்மா கொடுத்த வீட்டில், மூன்று வருஷம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு ருஃபீனோ கொத்தனார் வேலைக்கென்று எல்லை தாண்டி புவெனோஸ் ஐரெஸ் போனான். முதல் வருஷம் கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் யாரிடமாவது சொல்லி அனுப்பினான். அப்புறம் ஒன்றும் இல்லை. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று பேருந்து ஓட்டுநர் ஒருவர் சொன்னார். நாங்கள் இருவரும் காசியானாவைத்தான் குற்றம் சொன்னோம். வேறு யாரைச் சொல்வது? அவன் எங்கள் தம்பி.

அம்மா கண்மூடுவதற்கு முன் எங்கள் ஞானத்தகப்பன் அன்செல்மோ பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்: "வருஷா வருஷம் மூணு ராஜாக்கள் திருநாள் அன்னிக்கு நீங்க போய் காசியானா முற்றத்தப் பாருங்க. ஒரு பாத்தியாவது பச்சையா இருந்து, ஒரு கோழியாவது குஞ்சோட இருந்தா, வீடும் முற்றமும் அவகிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அவ சும்மா தூங்கறதுக்குத்தான் அங்க இருக்கான்னு அர்த்தம். எடுத்து என் பொண்ணுகளுக்குக் குடுத்துடுங்க."

கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து வருகிற திருநாள் அது. எங்கள் பக்கத்தில் ஜனவரி என்றால் கோடையின் நடு உச்சி. அந்த நேரத்தில் எங்கள் மண்ணில் முள்கூடப் பழுத்துப்போகும். அம்மா யோசித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். என் மகனுக்குக் கல்யாணம் ஆகி அந்த வீட்டில் குடிவைக்கலாம் என்று நான் மனதுக்குள் சுவரைக்கூட இடித்துக் கட்டிவிட்டேன்.

ஆனால் அவள் விடவில்லை. கோடையில் முற்றம் வைப்பது எப்படி என்று யாராவது கேட்டால், எனக்கு வயிறு எரிந்தாலும், அவளைத்தான் காட்ட வேண்டும். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே எழுந்து பாத்திக்கு நீர்விட்டு முடித்துவிடுவாள். வெயில் ஏறிய பிறகு ஒரு சொட்டு விடமாட்டாள். வேர் வெந்துவிடும் என்பாள். வெங்காயத்தாள், கீரை, கொத்துமல்லி எல்லாம் ஒரே பாத்தியில் நெருக்கமாக, மேலே பனையோலைப் பந்தல். இலைவெட்டி எறும்பு வந்தால் ஒரே ராத்திரியில் பாத்தியையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு அடுப்புச் சாம்பலைச் சுற்றிலும் கோடு போட்டு வைப்பாள். கோழிகளைக் காலையில் திறக்கமாட்டாள், சாயங்காலம்தான். காலையில் திறந்தால் ஈரமான பாத்தியைக் கிளறும். உச்சிப்பொழுதில் அவை பட்டிக்குள் இருக்கிற ஆரஞ்சு மரத்தடியில் குழிபறித்துப் படுத்துக் கிடக்கும். குஞ்சு இருந்தால் கோடாலியோடு மேய்ச்சல் காட்டுக்குப் போய்க் கறையான் புற்றில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டு உடைப்பாள். குஞ்சுகள் கறையானைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரே வாரத்தில் கால் பெருத்துவிடும்.

எட்டு வருஷம் அன்செல்மோ வந்து பார்த்தார். எட்டு வருஷமும் பச்சை இருந்தது, குஞ்சு இருந்தது. எட்டு வருஷமும் நானும் செனோனாவும் பின்னாலேயே போய், வாயைக் கோணிக்கொண்டு திரும்பி வந்தோம்.

ஒன்பதாம் வருஷம் மழை பொய்த்தது. அக்டோபரில் நின்றது, டிசம்பரிலும் வரவில்லை. மரவள்ளி இலையெல்லாம் சுருண்டு தொங்கியது. கிணறு எங்கள் பக்கத்தில் இருந்தது. அப்பா வெட்டிய கிணறு. அதுவரை அவளும் அதில்தான் இறைத்தாள். அந்த வருஷம் செனோனாதான் யோசனை சொன்னாள். நான் வாளியையும் கயிற்றையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் விடியலில் அவள் வேலிப்பக்கம் வந்து நின்றாள்.

"மதினி, வாளி எங்க?"

"கயிறு இத்துப்போச்சு."

"நான் முடிச்சுப் போட்டுக்கறேன்."

"தண்ணியும் இத்துப்போச்சு."

அவள் வேலியிலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பசு உங்க முழங்கால்ல உதைச்சுது. தலையில உதைச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பசுவின் கதையை அவளிடம் சொன்னது ருஃபீனோவாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து தலையில் தண்ணீர்த் தகரக்குடம் வைத்து ஓடைக்கு நடந்தாள். போகவர முக்கால்மணி நேரம். ஓடையிலும் குட்டை குட்டையாகத்தான் தண்ணீர். பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானம் குடித்து மிச்சமான குவளைத் தண்ணீர், எதையும் கொட்டவில்லை. நாலு பாத்தியில் மூன்றைக் காயவிட்டு ஒன்றை மட்டும் காப்பாற்றினாள். நான் என் சமையலறை வாசலில் உட்கார்ந்து தினமும் அந்த ஒரு பாத்தியைப் பார்த்தேன். எப்போது மஞ்சளாகும் என்று பார்த்தேன்.

கோழி விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரி. இருபத்தொரு நாளைப் பின்னோக்கி எண்ணி, டிசம்பர் பதினாறாம் தேதி பதின்மூன்று முட்டையை வைத்து அடை வைத்தாள். நானும் எண்ணினேன். சரியாகத் திருநாள் அன்றைக்குப் பொரிக்கும்.

ஜனவரி பிறந்ததும் வடகாற்று ஆரம்பித்தது. அது அடித்தால் எங்கள் ஊரில் நாய்கூட நாயை முறைக்கும். கணவன் பெண்டாட்டி பேசிக்கொள்ளமாட்டார்கள். மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் தேதி மத்தியானம் தெற்கே மேகம் கறுத்தது. வடகாற்று முடிந்தால் இடிதான் வரும், எல்லோருக்கும் தெரியும். இடி விழுந்தால் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துப்போகும், அதுவும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அடைக்கூட்டுக்கு அடியில் இரும்பு வைப்போம். நான் ஒரு பழைய ஆணி வைத்திருந்தேன். அவள் வைத்திருந்தது ருஃபீனோவுடைய செங்குதிரையின் லாடம். ஒரு முனை உடைந்தது.

அவள் தகரக்குடத்தோடு ஓடைக்கு இறங்கினாள். முதுகு மறைந்ததும் நான் வேலியில் நுழைந்தேன்.

கோழி அவள் சமையலறைக்குப் பின்னால் ஒரு பழப்பெட்டியில் உட்கார்ந்திருந்தது. முட்டையைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. கையை வைக்கோலுக்கு அடியில் விட்டு லாடத்தைத் துழாவினேன். அந்த மொட்டைக் கழுத்து சனியன் என் புறங்கையைக் கொத்திக் கிழித்தது. ரத்தம் வந்தது. லாடத்தை எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கோழியும் அடையில்தான் இருந்தது. ஆணியைவிட லாடம் பலமாயிற்றே, வீணாக்குவானேன் என்று அதை என் கோழிக்கு அடியில் தள்ளினேன். அவசரத்தில் வைக்கோலுக்கு மேலேயே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. பிறகு இடி ஆரம்பித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவள் பெட்டியில் ஒன்று போச்சு, ஒன்று போச்சு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை நாலு தூறல்தான் போட்டது.

திருநாள் அன்று அன்செல்மோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நானும் செனோனாவும் பின்னால் போனோம். என் கையில் துணி சுற்றியிருந்தது.

பாத்தியைக் காட்டினாள். வெங்காயத்தாள் முழங்கை நீளம் நின்றது. அன்செல்மோ ஒரு தாளைக் கிள்ளி மென்றார்.

"பச்சைதான். கோழி?"

அவள் கோழியைத் தூக்கினாள். அடியில் ஈரம் காயாத குஞ்சுகள், கழுத்து மொட்டையாக, பதினொன்று. கத்திக்கொண்டு உருண்டன.

"அத்தனை இடி இடிச்சுதே. எப்படியம்மா தப்பிச்சுது?" என்றார் அன்செல்மோ.

"அன்னிக்கு ஓடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள கூட்டுக்கு அடியில இருந்த லாடத்த யாரோ எடுத்துட்டாங்க பெரியவரே. ஆனா நான் இருக்கற இடம் எனக்குத் தெரியாதா? வடகாற்று கிளம்பின அன்னிக்கே முட்டைக்கு முட்டை கரியால சிலுவை போட்டுட்டேன்." உடைந்த ஓடு ஒன்றை எடுத்துக் காட்டினாள். கறுப்பாகச் சிலுவை இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கையில என்ன மதினி?"

"கத்தி பட்டுது."

"மூக்கு வெச்ச கத்தியா?"

செனோனா சிரித்துவிட்டாள். என் கூடப் பிறந்தவள், சிரித்தாள்.

"வாங்க பெரியவரே, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மதினி கோழியையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வேலியைத் தாண்டி என் முற்றத்துக்குள் நடந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் தெரிந்துவிடும், தடுக்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

என் கோழியைத் தூக்கினாள். நாற்றம் எல்லோர் முகத்திலும் அடித்தது. கோழி லாடத்தின் மேல் புரண்டு புரண்டு ஒன்பது முட்டையை உடைத்திருந்தது. மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிக்கொண்ட லாடத்தை அவள் இரண்டு விரலால் எடுத்தாள். உடைந்த முனையை அன்செல்மோவிடம் நீட்டினாள்.

அவருக்கு அந்தக் குதிரையைத் தெரியும். லாடம் அடித்ததே அவர்தான். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அம்மா இதையா செய்யச் சொன்னா?" என்று என்னைக் கேட்டார். பிறகு "என்னம்மா வேணும் உனக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"மன்னிப்பு எல்லாம் வேணாம், அத வெச்சு நான் என்ன பண்றது? வாளி கிணத்துல தொங்கணும். இனிமே எந்தத் திருநாளுக்கும் என் முற்றத்த யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. வீடு என்னுது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்றார் அன்செல்மோ. அன்றைக்கே நாலு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் அதையே சொன்னார். செனோனா ஓடிப்போய் வாளியை எடுத்து வந்தாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

அந்தச் சாயங்காலமே காசியானா லாடத்தைக் கழுவி, என் சமையலறை வாசலுக்கு நேராக இருக்கிற வேலிக்கம்பத்தில் வைத்து அடித்தாள். ஆணி என்னுடையது. என் கோழிக்கூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது.

என் மகன் தலைநகர் அசுன்சியோனில் வாடகை வீட்டில் இருக்கிறான். ருஃபீனோ திரும்பி வரவே இல்லை. அன்செல்மோவும் செனோனாவும் போய்ச் சேர்ந்தார்கள். லாடம் துருப்பிடித்துக் கம்பத்திலேயே இருக்கிறது. காசியானாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வேலிக்கு அந்தப் பக்கம், அதே வீட்டில், நாற்பது மொட்டைக் கழுத்துக் கோழிகளோடு இருக்கிறாள்.