கூட்டி வைத்த காட்டுப் பாதை

திண்டுக்கல்லில் ஊருக்குள்ளேயே வளர்த்திருக்கும் காட்டில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் வாரம். லாட்ஜில் ஓரிரு நாள் தங்கும் வெளியூர்க்காரர்களைக் காலையில் உள்ளே நடத்திக் காட்ட ஒரு படித்த பெண் இருந்தாள். நாளைக்குச் சென்னையிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தாள்.

விருந்தாளி வரும் இடம் குப்பையாகவா கிடக்கும்? யாரும் சொல்லாமலே விடியுமுன் போய்ப் பாதை முழுக்கக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தேன். கோலம் ஒன்றுதான் போடவில்லை.

அந்தப் பெண் வந்து பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஆத்தா, என்ன காரியம் பண்ணீங்க? முயலும் கீரியும் நடந்த தடத்தத்தானே வாரவங்களுக்குக் காட்டணும்? மயிலெறகு, புழுக்கை, பாம்புச்சட்டை ஒண்ணையும் காணோமே!"

"குப்பைன்னு நெனச்சுட்டேன் தாயி."

இந்த வேலை போனால் மறுபடி செம்பட்டிப் பக்கம் பூப்பறிக்கத்தான் போகவேண்டும். குனிந்து குனிந்து என் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

வந்தவர்களுக்கு அவள் மரங்களைக் காட்டினாள். வெயில் ஏறிவிட்டதால் பறவைகளும் அடங்கிவிட்டன.

"எங்க தெருகூட இம்மாஞ் சுத்தமா இருக்காதுங்க," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். "கெளம்பலாமா? பழனி பஸ்ஸைப் பிடிக்கணும்."

அவள் முகம் வாடியது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்நியர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள், மெதுவாகப் போய் அவள் காதில் சொன்னேன்:

"கூட்டினத வேலியோரம் குவிச்சுத்தான் வச்சிருக்கேன்."

"எது எங்க கெடந்துச்சுன்னு தெரியுமா?"

"கூட்டினவளுக்குத் தெரியாதா?"

தடம் போனது போனதுதான். மற்றதையெல்லாம் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, கிடந்த இடத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். நான் அவள் காதில் சொல்ல, அவள் சத்தமாகச் சொன்னாள். புற்றோரம் கிடந்த பாம்புச்சட்டையை நீட்டியபோது, வந்தவர்களில் ஒரு பெண் என்னையே கேட்டாள்.

"பயமா இல்லையா பாட்டிம்மா?"

"சட்டைதானே கண்ணு? ஆளு உள்ள இல்லையே."

வாய் தவறி வந்துவிட்டது. அவர்கள் சிரித்த சிரிப்பில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்தப் பழனி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குத்தான் போனார்கள்.

"இனிமே நடை முடிஞ்ச பெறகு கூட்டுங்க ஆத்தா," என்றாள் அந்தப் பெண்.

"அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாமா தாயி?"

"நல்லாக் கேட்டீங்க! நாளைக்கு நாலு பேர் வாராங்க. நீங்களும் கூட நடக்கணும்."

"பின்னாடிதான் வருவேன்."

"பின்னாடியே வாங்க."