நிலைப்படிக்கு அந்தப் பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கார்த்திகை தீபத்தன்று, திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது.

பெண் பார்க்க வந்தபோது எனக்கு வீசிங் இருப்பதை எங்கள் வீட்டில் சொல்லவில்லை. மாப்பிள்ளை நாய் வளர்ப்பதை அவர்கள் வீட்டில் சொல்லவில்லை. கணக்கு சரியாகப் போயிற்று. நாய் முடி பட்டால் எனக்கு மூச்சு அடைக்கும் என்பது கல்யாணமான வாரமே தெரிந்துபோனது. ஜிம்மியை எங்கேயாவது விட்டுவிடலாம் என்றார் கணவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு கட்டுப்பாடு: படுக்கையறை நிலைப்படியை அது தாண்டக் கூடாது. இரண்டு அதட்டலில் புரிந்துகொண்டது. படிக்கு வெளியே முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, நான் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று சாயங்காலம் கணவரும் மாடி வீட்டுக்காரர்களும் மொட்டைமாடியில் இருந்தார்கள். பட்டாசுப் புகை ஆகாது என்பதால் நான் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறையில் இருந்தேன். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். அதனால் அரை இருட்டு. திடீரென்று ஊரே "அரோகரா" என்றது. அடுத்த நொடி நாலா பக்கமும் வெடி.

ஜிம்மி ஓடி வந்து நிலைப்படியில் நின்றுவிட்டது. உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது, நின்ற இடத்திலேயே மூத்திரம் போகிறது, ஆனாலும் உள்ளே கால் வைக்கவில்லை. என்னையே பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை. "வாடா" என்றேன். மடியில் வந்து விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகியது. தலையணைக்கு அடியிலிருந்த இன்ஹேலரை எடுத்து அழுத்தினால் வெறும் காற்று. மருந்து தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். கூப்பிடக் குரல் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரை போய் உட்கார்ந்துவிட்டேன். ஏற முடியவில்லை. விளக்கேற்ற இறங்கி வந்த கணவர் என் மேல்தான் இடறினார்.

ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம். ஆட்டோ நகரவே வழியில்லை. கணவரும் மாடி வீட்டுக்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்தார்கள். "வழி வுடுங்க, மூச்சு வுட முடியல!" என்று கத்திக்கொண்டே வந்தார் கணவர். நான் தலையை ஆட்டி ஆட்டி மூச்சு இழுப்பதைப் பார்த்து, சாமி வந்துவிட்டதென்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பிழைக்க மாட்டேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் காற்று உள்ளே போனது. என் புடவையில் ஒட்டியிருந்த முடியைக் கணவர் அப்போதுதான் பார்த்தார்.

"உள்ள வந்துடுச்சா அது? நாளைக்கே கீழ்பென்னாத்தூர் மாமா வீட்ல வுட்டுட்டு வந்துடறேன்."

மாஸ்க்கை விலக்கினேன். "அதுவா வரலங்க. நான்தான் கூப்ட்டேன்."

"எதுக்குடி?" அவர் கண் கலங்கியிருந்தது.

"பயந்துபோயிருந்துச்சு. அப்பவும் படியத் தாண்டல."

மாஸ்க்கை மறுபடி என் முகத்தில் பொருத்திவிட்டார். மாமா வீட்டுப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மறுநாள் வீடு திரும்பும்போது எனக்கு உள்ளூர உதறல். ஒருமுறை மடியில் இடம் கொடுத்தாயிற்று. இனி பாய்ந்து வருமே, வந்தால் அனுப்பித்தானே ஆக வேண்டும்? கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்தேன். ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நிலைப்படிக்கு வெளியே, பழைய இடத்தில், முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது. அது இருந்த வருடங்கள் முழுக்க அங்கேதான்.

அன்று "வாடா" என்றதற்கு உயிரே போகப் பார்த்தது. ஆனாலும் அப்படியொரு மரியாதைக்காரன் என் வாசலில் நின்று நடுங்கினால், இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இன்றைக்கும் கூப்பிடத்தான் செய்வேன்.