அத்தா வீட்டிலிருந்த வருடம்

நான் வேலை பார்க்கும் பள்ளியில் வராந்தாச் சுவருக்கு ஒரு சார்ட் கேட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்றிலிருந்து இரண்டாயிரத்து இருபது வரை உலகில் நடந்த முக்கிய நிகழ்ச்சிகள், வருடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். சமூக அறிவியல் டீச்சர் என்றால் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் இளிச்சவாய். ஞாயிற்றுக்கிழமை காலை திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சார்ட்டை விரித்தேன். அத்தா கத்தரிக்கோலோடு எதிரே வந்து உட்கார்ந்தார். வளைகுடாவில் பாதி ஆயுளை ஸ்டோர் கீப்பராகக் கழித்தவர். சும்மா இருங்கள் என்றால் கோபம் வரும்.

முதல் கட்டத்தில் நியூயார்க் கோபுரங்கள்.

"இந்த வருஷந்தான் நான் லீவுல வர்றதா இருந்தேன்" என்றார்.

அப்போது எனக்கு நான்கு வயது, அவர் குவைத்தில் இருந்தார். டிவியில் அந்த விமானங்களைப் பார்த்த அம்மா, இப்போது பிளைட் ஏற வேண்டாம் என்று போனில் அழுது அவரை நிறுத்திவிட்டாளாம். இரண்டாயிரத்து மூன்றில் ஈராக் போர். பக்கத்து வீட்டு அட்லஸை வாங்கி வந்து ஈராக்குக்கும் குவைத்துக்கும் இடையில் அம்மா விரலை வைத்துப் பார்த்தாள். அரை விரல்கூட இல்லை. அந்த லீவும் போனது. நான்காம் வருடம் சுனாமி. எங்கள் ஊர் வரை கடல் வரவில்லை, ஆனால் தரங்கம்பாடியும் நாகப்பட்டினமும் போய்விட்டதென்று அங்கே டிவியில் ஓட, அத்தா இரண்டு நாள் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். லைன் கிடைத்தபோது நான்தான் எடுத்தேன். "இங்க தண்ணி வரல அத்தா" என்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்கு இதெல்லாம் பொது அறிவு. எனக்கு அத்தா வராததற்கான காரணங்கள்.

பிறகு அவர் துபாய்க்கு மாறினார். இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி கவிழ, எங்கேயோ இடித்த இடி துபாயில் விழுந்தது. கட்டிக்கொண்டிருந்த கட்டடங்கள் அப்படியே நின்றன. அடுத்த வருடத் தொடக்கத்தில் அத்தா வந்து இறங்கினார். கயிறு கட்டி, பெயர் எழுதிய அட்டைப்பெட்டி எதுவும் இல்லை. தோளில் ஒரே ஒரு பை. அம்மா அந்தப் பையைத்தான் பார்த்தாள். நான் அத்தாவைப் பார்த்தேன்.

என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனவர் முதல் நாள் நேராக ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்றார். நான் ஏழாவது. அவர் கணக்கில் நான் ஒரு வருடம் பின்னாடியே இருந்தேன். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதும் அந்த வருடம்தான் அவருக்குத் தெரிந்தது. மாலையில் கேட் பக்கம் நிற்கும் அப்பாக்கள் கூட்டத்தில் என் அத்தாவும் ஒருவர். உலகமே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்த ரகம்.

அம்மாவுக்கு அது ஓடாத வருடம். அந்தியில் மக்ரிப் தொழுகை முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைப்பாள். "சின்னப் புள்ளைங்க துஆவ அல்லா தள்ள மாட்டான். துபாய் பழையபடி ஆகணும்னு கேளு. அத்தாவுக்கு வேலை கிடைக்கணும்னு கேளு."

நானும் கையேந்திக் கேட்டேன். துபாய் இப்படியே கிடக்கட்டும், அத்தாவை யாரும் கூப்பிடக் கூடாது என்று கேட்டேன். தினமும் கேட்டேன்.

அந்த வருடக் கடைசியில் விசா வந்துவிட்டது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா கேட்ட துஆ பலித்தது, நான் கேட்டது பாவம் என்று எனக்குள் தைத்துப் போனது. வீட்டில் அரிசிக்கே யோசித்த நாட்களில் நான் கேட்ட துஆ அது. இதை யாரிடம் சொல்வது?

சார்ட்டில் அடுத்த கட்டங்கள் சீக்கிரம் நிரம்பின. பதினெட்டில் கஜா புயலை ஒட்டினேன். இது உலக நிகழ்ச்சியா என்று எங்கள் தலைமையாசிரியை கேட்பார். கேட்கட்டும், எங்கள் ஊர் மட்டும் உலகத்தில் இல்லையா? கடைசியாக இருபது, கொரோனா. சிறப்பு விமானத்தில் ஏறி, முகக்கவசத்தோடு வந்த அத்தா அதன்பிறகு திரும்பிப் போகவில்லை. அந்த முறை நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எல்லாம் ஒட்டி முடித்ததும் அத்தா ஒன்பதாம் வருடக் கட்டத்தைத் தட்டினார். "இது ஏன் காலியா கிடக்கு?"

சொல்லிவிட்டேன். துஆவைப் பற்றி, வயிற்றுவலியைப் பற்றி, எல்லாவற்றையும். சொல்லும்போது அழுகை வந்தது.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அந்த விசா ஏஜெண்ட் ரெண்டு தடவ போன் பண்ணுனாரு. நம்பரைப் பாத்தேன். நான் எடுக்கலம்மா."

"அப்புறம்?"

"மூணாவது தடவ உங்கம்மா எடுத்துட்டா."

அடுப்படியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது.

"போன் அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு" என்றாள், அங்கிருந்தபடியே. "நீங்க ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. யாராவது ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும்."

நானும் அத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. அத்தா திரும்பிப் போன பிறகான அத்தனை வருடத்தில், தனியாகத் தொழுது முடித்துக் கையேந்தி அம்மா என்ன கேட்டாள் என்று நாங்கள் இருவருமே அவளிடம் கேட்டதில்லை.