மூன்று தட்டுச் சோறும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

இரண்டு தட்டு இல்லை, மூன்று தட்டு. கோவில் அன்னதானத்தில் அடுத்தவர் சாப்பாட்டை எண்ணுகிற திருப்பணியை ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்வீட்டு விசாலாட்சி எண்ணிக்கையில் பிழை விடலாமா? பாக்கியலட்சுமி அந்த வெள்ளிக்கிழமை மூன்று தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இனிப்பு நீர் நோய் முற்றியதால் அல்ல. ஐம்பத்திரண்டு வயதில் மசக்கையும் அல்ல. கோவிலிலிருந்து செங்காங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் விசாலாட்சி அவளுக்கு நாலு வியாதி கண்டுபிடித்துவிட்டாள். பாவம் டாக்டர்கள், வருஷக்கணக்காகப் படிக்கிறார்கள். மறுநாள் பாக்கியலட்சுமி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

பாக்கியலட்சுமி ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் திருகாணி எடை போட்டுக் கொடுக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த மறுவருஷம் ஓடத் தொடங்கினாள். மூலையில் உட்கார்ந்து அழுதிருந்தால் நல்ல பெண் என்றிருப்பார்கள். ஓடினாள், ஆகவே மூளை கலங்கிவிட்டது என்றார்கள்.

இருபது வருஷமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள் அவள். பெருமாள் கோவிலிலிருந்து டேங் ரோடு கோவில் வரை ஒரு தடவைகூடத் தள்ளாடியதில்லை. அந்தத் தைரியத்தில் போன வருஷம் மாரத்தானையும் நேர்த்திக்கடன் மாதிரியே எடுத்துக்கொண்டாள். பத்து நாள் ஒருவேளைச் சாப்பாடு, கடைசி நாள் வெறும் மோர், ஓடும்போது பச்சைத் தண்ணீர். பக்திக்கு ஒரு குறையும் இல்லை. முப்பதாவது கிலோமீட்டரில் கால் இரண்டும் சிமெண்டு மூட்டையாகிவிட்டன. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று அதனிடமே சொல்லிவிட்டுச் சரிந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே மகன் சுரேந்தர் வந்தான்.

"சாமி குத்தம்," என்று விசாலாட்சி தீர்ப்புச் சொன்னாள். பாக்கியலட்சுமியே பாதி நம்பினாள்.

சிரித்தது யும்னா ஒருத்திதான். விளையாட்டு வீரர்களின் மூச்சையும் வியர்வையையும் அளக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை அவளுக்கு. பொங்கோல் நீர்க்கரையில் பாக்கியலட்சுமியோடு ஓடுகிறவள்.

"ஆன்ட்டி, பால்குடம் நாலு கிலோமீட்டர் லா. இது பத்து மடங்கு. சாப்பிடுற சோறு சர்க்கரையா மாறி சதையிலயும் ஈரல்லயும் போய்த் தங்கும். நீங்க ஸ்டோரைக் காலி பண்ணிட்டுக் கடையைத் திறந்திருக்கீங்க."

"இடுப்புல இவ்வளவு கொழுப்பு வச்சிருக்கேனே, அது எதுக்கு?"

"அது பாங்காக் வரைக்கும் ஓடப் போதும். ஆனா மெதுவாத்தான் எரியும். வேகமா ஓட சர்க்கரை வேணும், மூளைக்கும் வேணும். ஸ்டோர் நிறைஞ்சிருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் தாங்கும். அப்புறம் வழியில போட்டுக்கிட்டே இருக்கணும். நீங்க போடவும் இல்ல, வெறும் தண்ணியைக் குடிச்சு உடம்புல இருக்கிற உப்பையும் கரைச்சிட்டீங்க. கம்பம் அண்ணன் ஆகாம என்ன செய்யும்?"

அன்றோடு விரதத்தை விட்டாள். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் மெதுவாக ஓடி, கொழுப்பையும் எரிக்க உடம்பைப் பழக்கினாள். ஓடிக்கொண்டே இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தேக்கா சந்தையில் வாங்கிய பேரீச்சம்பழம், உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர். முதல் மாதம் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை; கழிவறை தேடி ஓடிய வேகத்துக்கு யாராவது பதக்கமே கொடுத்திருக்கலாம். பிறகு வயிறும் படிந்தது. கடைசி மூன்று நாள் சோறு, சோறு, மறுபடியும் சோறு. அதைத்தான் விசாலாட்சி பார்த்தாள், பார்த்ததைச் சுரேந்தரின் காதில் போட்டாள்.

சுரேந்தர் புத்திசாலிப் பிள்ளை, பெரிய கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற இஞ்சினியர். சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் ஓட்டச் சப்பாத்தைத் துணி துவைக்கிற இயந்திரத்துக்குள் ஒளித்துவிட்டு, வாசல் இரும்புக் கதவின் சாவியோடு சோபாவில் உட்கார்ந்தான். பந்தயம் மாலை ஐந்து மணிக்கு.

பாக்கியலட்சுமி ரசஞ்சோறு சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், நேரே போய் இயந்திரத்தைத் திறந்து சப்பாத்தை எடுத்தாள். ஏழு வயதில் பரீட்சைத் தாளை அவன் ஒளித்ததும் அங்கேதான்.

"சாவியைக் குடுடா."

"வேணாம்மா. போன வருஷம் ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்து 'தம்பி யாரு'ன்னு கேட்டீங்க. உங்களுக்கு என் பேரே தெரியல."

ஒரு வருஷமாக இதை அவன் வாய் திறந்து சொன்னதில்லை. பாக்கியலட்சுமி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள்.

"அப்ப பட்டினியா போனேன். இப்ப அப்படிப் போகல. நீ முப்பதாவது கிலோமீட்டர்கிட்ட வந்து நில்லு. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்னா என்னை விட்டுடு. கூப்பிடலைன்னா நீயே பிடிச்சு உட்கார வை. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

அவன் சாவியை நீட்டினான். போனை எடுத்து, முப்பதாவது கிலோமீட்டர் எந்த இடத்தில் வருகிறது என்று தேட ஆரம்பித்தான்.

பாக்கியலட்சுமி கதவைத் திறந்து வெளியே வந்தாள். பதினோரு மாடிப் படிக்குக் கால்களை வீணாக்குவானேன் என்று மின்தூக்கியின் பக்கம் நடந்தாள்.