பேப்பர் இருந்தும் இல்லை என்ற பிரிண்டர்

நாத்தனார் கஸ்தூரிக்கு நாளைக் காலையில் விழுப்புரத்தில் வேலைக்கான இன்டர்வியூ. அவளுடைய பயோடேட்டாவை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்று அடித்து முடித்தேன்.

பிரிண்டர் மறுத்துவிட்டது. ஓரங்களில் துளை போட்ட பேப்பர் கண்ணெதிரே இருக்கிறது. திரையிலோ பேப்பர் இல்லை என்றே வருகிறது.

"இன்னா அண்ணி, கையாலயே எழுதிடட்டுமா?" என்ற கஸ்தூரிக்கு அழுகை முட்டியது.

எங்கள் ஊர் செஞ்சியில் இதை ரிப்பேர் பார்க்க ஆளே இல்லை. "நீ கைய வெக்காத. பாண்டிச்சேரிக்குத் தூக்கினு போலாம்" என்றார் என் கணவர்.

அதுவரை இன்டர்வியூ காத்திருக்குமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பேப்பர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் சின்ன நெம்புகோல் அசையவே இல்லை. அதனடியில் வேர்க்கடலை ஓட்டுத் துண்டு! கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன்.

மறுபடி கரண்ட் கொடுத்ததும் தெருவே கேட்கும்படி கிர்ர் கிர்ர் என்று அடித்துத் தள்ளியது. கஸ்தூரி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"பரவாயில்லயே! ஆனா, மல்லாட்ட ஓடு எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டார் கணவர்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடலை உரிப்பவர் இந்த வீட்டில் ஒருவர்தான். உங்கள் வீட்டில் யாருங்க?